வலப்பக்கமிருந்து வரும் இஸ்திரிப் பெட்டி

பிராட்டிஸ்லாவா, பிப்ரவரி.
டாங்கிகள் வந்தபின் இது ஐந்தாவது குளிர்காலம்.
திரையறையில் ஹீட்டர் பழுது.
கோட்டைக் கழற்றாமலே பார்க்கிறேன்
ஆறு நிமிடம் நாற்பது நொடி ஓடும்
ஒரு கைக்குட்டைக் கதையை.
பிள்ளைகள் தூங்கப் போகுமுன் காட்டும் படம்.
அதற்கு முன்னால், அதில் அரசியல் உண்டா என்று
நான் தூங்காமல் பார்த்தாக வேண்டும்.
சம்பளம் அதற்குத்தான்.

இழுப்பறைக்குள் ஏழெட்டுக் கைக்குட்டைகள்.
எல்லாம் கசங்கியவை.
ஒன்றில் ஜாம் கறை.
ஒன்றின் மூலையில், எதையோ மறக்கக் கூடாதென்று
யாரோ போட்ட முடிச்சு,
இன்னும் அவிழவில்லை.
உருள்கின்றன, குசுகுசுக்கின்றன,
கப்பலாகின்றன, முயலாகின்றன.
இழுப்பறை திறக்கிறது.

இஸ்திரிப் பெட்டி.
"சுருக்கம் நீக்க வந்தேன்," என்கிறது
ஆவியைப் பெருமூச்சாக விட்டு.
"கூப்பிட்டீர்களாமே?"
"நீயா கூப்பிட்டாய்?"
"நானில்லையே. நீ?"
ஜாம் கறை மட்டும் வாயைத் திறக்கவில்லை.

படிவத்தில் பதினோரு கேள்விகள்.
மதம் உண்டா.
மேலைநாட்டு இசை உண்டா.
உழைப்பாளியைக் கேலி செய்கிறதா.
பதினொன்றாவது: வேறு ஏதேனும்.
அதற்கு எதிரே பென்சிலால் எழுதினேன்:
பெட்டி திரையின் வலப்பக்கமிருந்து வருகிறது.
வரைபடத்தில் வலப்பக்கம் கிழக்கு.

தோழர் ஓண்ட்ருஷ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
"கிழக்கென்று யார் சொன்னது?"
வரைபடம், என்றேன்.
"வரைபடம் கையெழுத்துப் போடாது. நீங்கள் போடுவீர்கள்.
இஸ்திரிப் பெட்டியைப் பார்த்ததும்
உங்களுக்கு என்ன ஞாபகம் வந்தது என்று மேலே கேட்பார்கள்.
சொல்வீர்களா?"

ரொட்டிக் கடை வாசலில்
தகடாகக் கிடந்த ஒரு சைக்கிள்.
மணி மட்டும் நசுங்கவில்லை.
கிணிகிணி என்று யாரோ ஒரு சிறுவன்
அன்று சாயங்காலம் வரை அடித்துக்கொண்டிருந்தான்.

சொல்லவில்லை.

"வெட்டினால் நமக்குப் புரிந்ததென்று ஆகிவிடும்," என்றார்.
"ஆகையால் நமக்குப் புரியவில்லை."
அழிரப்பரை அவரே எடுத்துத் தந்தார்.

துணிகளைத் துவைத்துத் தேய்த்து அடுக்கும் நற்பழக்கத்தைப்
பிஞ்சு மனங்களில் வளர்க்கிறது.
பரிந்துரைக்கப்படுகிறது.

வரைந்த பையன் வாலென்ட் நடைவழியில் நின்றான்,
நகக்கண்ணில் நீல மையோடு.
"எப்படி இருந்தது?"
"சுத்தமாக இருந்தது," என்றேன்.
அவன் முகம் வாடியதா, பல்பு மினுக்கியதா,
தெரியவில்லை.
அந்தப் பல்பு எப்போதும் அப்படித்தான்.

மார்ச்சில் ஒரு வியாழன், ஏழு மணிக்கு ஒளிபரப்பினார்கள்.
என் மகள் ஹெட்விகாவுக்கு ஐந்து வயது.
பெட்டி பேசியபோது அவள் சிரிக்கவில்லை.
அதன் வால், அந்த மின்கம்பி,
இழுப்பறை இடுக்கில் மாட்டிக்கொண்டு
போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் திணறியபோது
தரையில் புரண்டு சிரித்தாள்.
அந்த இடத்தை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன்.
எதையும் குறிக்கவில்லை.
பிள்ளைகள் எங்கே சிரிப்பார்கள் என்று
பதினோரு கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்காது.

மறுநாள் காலை. அவசரம்.
அவளுடைய கைக்குட்டையை மேசைமேல் விரித்துப்
பெட்டியைத் தூக்குகிறேன்.
"அம்மா, அது உன்னைக் கூப்பிட்டதா?"

பிளக்கைப் பிடுங்கினேன்.
கசங்கியபடியே அவள் பையில் திணித்தேன்.
என்னுடையதையும்தான்.

எட்டரை மணி டிராமில் எதிரே ஒரு தொப்பிக்காரர்
கைக்குட்டையை எடுத்து உதறினார்.
படுகசங்கல். மூலையில் முடிச்சு.
எல்லோரும் பார்க்க, நிதானமாக, நெடுநேரம்
மூக்கைச் சிந்தினார்.
என் கண் அதுபாட்டுக்குக் கணக்கெடுத்தது:
எத்தனை நொடி, எந்தக் கை, யாரைப் பார்த்து.

சளியாகவும் இருக்கலாம்.
குளிர் இன்னும் போகவில்லையே.